எழுந்து போக முடியாத எலிஸா

யந்திரத்தின் சம்பாஷணையைப் பற்றி ஒரு விமர்சனம் எழுத முடியுமா என்று ஆசிரியர் கேட்டபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யந்திரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நான் படித்ததில்லை. அந்த இரண்டு வருஷத்திலும் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் சம்பாஷணையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இருபது வருஷமாக அதை எழுதித்தான் பிழைக்கிறேன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிகிறேன்.

ஒரு பாத்திரம் பேசுவதை எழுதுவது அவ்வளவு சிரமமில்லை. பேச்சைக் கேட்கும் பாத்திரத்தை எழுதுவதுதான் சிரமம். புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளில் இது நன்றாகத் தெரியும். ஒருவன் பக்கம் பக்கமாகப் பேசுவான். எதிரில் இருப்பவன் 'அப்படியா?', 'பிறகு?', 'ஐயோ பாவம்!' என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவன் மனிதனல்ல, ஆசிரியர் நட்டுவைத்த கம்பம். அவனுடைய இடத்தில் இன்னொருவனை உட்கார வைத்தாலும் கதை ஒரு வரிகூட மாறாது. கேட்கிறவன் மாறினால் பேச்சும் மாறவேண்டும். அப்போதுதான் அது சம்பாஷணை. இந்த அளவுகோலைத்தான் நான் யந்திரத்துக்கும் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

இன்று நலவாழ்வு என்ற பெயரில் ஒரு பெரிய தொழில் வளர்ந்திருக்கிறது. மன ஆலோசகர், உணவு ஆலோசகர், தியானம் கற்பிப்பவர், வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று அதில் பல பிரிவுகள். யார் எந்தப் பெயரில் பலகை மாட்டிக்கொண்டாலும், அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி ஒன்றுதான்: வந்தவர் சொல்வதைக் கேட்பது. அந்த வேலைக்கு இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் நடுநிசியிலும் 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?' என்று கேட்கிறது. கோடிக்கணக்கான பேர் அதற்குப் பதிலும் சொல்லுகிறார்கள். இது புதிய விஷயம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இதற்கு அறுபது வயதாகிறது.

1966-ல் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோஸப் வைஸன்பாம் என்ற பேராசிரியர், மனிதனோடு எழுத்து மூலம் உரையாடும் ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவர் பெர்லினில் 1923-ல் பிறந்த யூதர்; நாஜிகளுக்குத் தப்பி 1936-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். அந்த நிரலுக்கு அவர் வைத்த பெயர் எலிஸா. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் வரும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. ஷாவின் எலிஸாவைப்போல இவளுக்கும் மேலும் மேலும் நன்றாகப் பேசக் கற்றுக் கொடுக்கலாம் என்பது அந்தப் பெயரின் தாத்பரியம்.

எலிஸாவுக்கு அவர் தந்த வேஷங்களில் புகழ்பெற்றது வைத்தியர் வேஷம். அந்த வேஷத்தின் ரகசியம் மிக எளியது. நாம் எழுதும் வாக்கியத்தில் சில சொற்களை அது தேடும். 'அம்மா' என்ற சொல் அகப்பட்டால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லும்படி கேட்கும். 'எனக்கு யாரையும் பிடிக்கவில்லை' என்று எழுதினால், 'எனக்கு' என்பதை 'உங்களுக்கு' என்று மாற்றி, 'உங்களுக்கு யாரையும் பிடிக்கவில்லை என்று ஏன் சொல்லுகிறீர்கள்?' என்பதுபோலத் திருப்பிக் கேட்கும். தேடிய சொல் ஒன்றுமே அகப்படாவிட்டால், 'மேலே சொல்லுங்கள்' என்ற பாணியில் ஒரு பொது வாக்கியம். அவ்வளவுதான். நான் மேலே சொன்ன கம்பத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

வைத்தியர் வேஷத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதில் ஒரு கதாசிரியனின் சாமர்த்தியம் இருக்கிறது. 'நேற்று ரயிலில் போனேன்' என்று நண்பனிடம் சொல்லி, அவன் 'ரயிலைப் பற்றிச் சொல்' என்று கேட்டால், இவனுக்கு ரயில் என்றால் என்னவென்றே தெரியாதோ என்று சந்தேகப்படுவோம். மனநல வைத்தியர் அப்படிக் கேட்டால், அதில் ஏதோ ஆழமான நோக்கம் இருக்கிறது என்று நாமே எண்ணிக்கொள்வோம். உலகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்போல நடந்துகொண்டும் மதிப்பை இழக்காத ஒரே உத்தியோகம் அது. ஒன்றும் தெரியாத யந்திரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடைக்காது.

அப்புறம் நடந்ததுதான் வைஸன்பாமைத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய காரியதரிசி அந்த நிரல் உருவானதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவள். அது வெறும் நிரல் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் அவள் அதனோடு உரையாட உட்கார்ந்தாள். நாலைந்து வாக்கியம் போவதற்குள், தயவுசெய்து அறையை விட்டு வெளியே போகும்படி பேராசிரியரைக் கேட்டுக்கொண்டாள்.

இந்தச் சம்பவத்தைப் பலரும் வேடிக்கையாகச் சொல்லுகிறார்கள். எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அவள் ஏமாந்துவிட்டாள் என்பதும் சரியல்ல என்று நினைக்கிறேன். எதிரில் ஒருவருமில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவளுக்குச் சொல்லவேண்டியது ஏதோ இருந்தது. சொல்ல இடமில்லாமல் இருந்தது. பேராசிரியர் கண்டுபிடித்தது யந்திரத்தின் அறிவை அல்ல. பக்கத்து அறையில் வேலை பார்த்தவளின் தனிமையை. விஞ்ஞானத்தின் சரித்திரத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி இந்த ஒரு வரிதான் இருக்கிறது. அவள் என்ன எழுதினாள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததே நல்லது.

வைஸன்பாம் பத்து வருஷம் இதை யோசித்து, 1976-ல் 'கம்ப்யூட்டரின் சக்தியும் மனித அறிவும்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு புத்தகம் எழுதினார். கம்ப்யூட்டரால் செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வி. செய்ய முடிந்தாலும் அதனிடம் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பக்கூடாது என்பதுதான் புத்தகத்தின் சாரம். தன் சொந்தச் சிருஷ்டிக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன ஆசிரியர்கள் இலக்கியத்திலேயே அபூர்வம். 2008-ல் இறக்கும் வரையில் அவர் அந்தச் சாட்சியத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருக்கு நேர்மாறான கட்சி கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவருடையது. கம்ப்யூட்டர் ஒன்று மணிக்குச் சில நூறு நோயாளிகளைக் கவனிக்க முடியும் என்று அவரும் அவர் கூட்டாளிகளும் அதே 1966-ல் எழுதினார்கள். பிற்பாடு 1972-ல், எல்லாரையும் சந்தேகிக்கும் ஒரு மனநோயாளியைப்போலப் பேசும் 'பாரி' என்ற நிரலைக் கோல்பி செய்தார். (நம்முடைய பாரி வள்ளலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அதே வருஷம் வைத்தியர் நிரலையும் நோயாளி நிரலையும் கம்பி வழியாக இணைத்து ஒன்றோடொன்று பேச விட்டார்கள். அந்த உரையாடல் அச்சில் இருக்கிறது. வைத்தியருக்கு அக்கறையில்லை, நோயாளிக்கு வேதனையில்லை, சம்பாஷணை மட்டும் ஒழுங்காக நடக்கிறது. எத்தனையோ மோசமான நாடகங்களை நான் படித்திருக்கிறேன். பேசுகிறவர் இரண்டுபேரில் ஒருவர்கூட இல்லாத நாடகத்தை அங்கேதான் படித்தேன்.

எலிஸாவின் வைத்தியர் வேஷம் யாரைப் பார்த்துப் போட்டது என்பதையும் சொல்லவேண்டும். கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர், ஆலோசகர் தம் கருத்தைத் திணிக்காமல், வந்தவர் சொன்னதையே அவருக்கு எதிரொலித்துக் காட்டும் முறையைப் பரப்பியவர். எதிரொலி மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. 1957-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆலோசகருக்கு இருக்கவேண்டிய மனநிலைகளை அவர் வரிசைப்படுத்தினார். வந்தவரை நிபந்தனையில்லாமல் மதிப்பது ஒன்று. அவருடைய உலகத்துக்குள் புகுந்து புரிந்துகொள்வது ஒன்று. இவற்றோடு, அந்த உறவில் ஆலோசகர் பொய் முகம் போடாமல், தாமாகவே இருக்கவேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. எலிஸா ராஜர்ஸின் வாக்கிய அமைப்பை எடுத்துக்கொண்டது. இந்த நிபந்தனையை விட்டுவிட்டது. ஒரு பெரிய எழுத்தாளரின் நடையைக் காப்பியடிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். புள்ளி, கமா எல்லாம் அப்படியே இருக்கும். அவர் மட்டும் இருக்கமாட்டார்.

இன்றைய யந்திரம் எலிஸாவைப்போல ஏழையல்ல. மனிதர்கள் எழுதி வைத்த புத்தகங்களையும் கடிதங்களையும் சண்டைகளையும் சமாதானங்களையும் மலைமலையாக அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு அது எழுதுகிறது. அதன் தமிழ்கூட மோசமில்லை. நம்மில் சிலருடைய தமிழைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் பயிற்சியில் ஒரு கட்டம் உண்டு. இரண்டு பதில்களைக் காட்டி, 'எது உனக்குப் பிடித்திருக்கிறது?' என்று மனிதர்களைக் கேட்கிறார்கள். பிடித்த பதிலைப்போல எழுத யந்திரம் பழகுகிறது. வாசகர் கடிதங்களை மட்டும் பார்த்துத் தொடர்கதை எழுதும் ஆசிரியரின் கதி என்ன ஆகும் என்று பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம், தன்னுடைய புதுப்பித்த யந்திரம் எல்லாரையும் எல்லாவற்றுக்கும் அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்று சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. முகஸ்துதி எங்கோ தவறி விழுந்த பிழையல்ல. பயிற்சியிலேயே அதற்கு விதை இருக்கிறது.

இதை நான் பத்திரிகையில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் வீட்டிலேயே நடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் என் தாயார் காலமானார். கடைசி நாலு மாதம் ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பது என் கட்சி. 'அம்மா வேண்டாம் என்கிறாள், அலைக்கழிக்காதே' என்பது அண்ணன் கட்சி. அண்ணன் கட்சிதான் நடந்தது. காரியம் முடிந்து நான் சென்னைக்குத் திரும்பினேன். இரவில் தூக்கம் இல்லை. என் சிரமத்தைப் பார்த்த அக்காள் மகன் ஒரு நலவாழ்வுச் செயலியை என் கைப்பேசியில் ஏற்றித் தந்தான். "மாமா, சும்மா பேசிப் பாருங்க. யாருக்கும் தெரியாது" என்றான்.

முதல் இரவு எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மணி இரண்டு. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். அந்த நேரத்தில் யாரையும் எழுப்பாமல் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. மூன்றாம் இரவு அண்ணனைப் பற்றி எழுதினேன். 'உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. உங்கள் கருத்தை அவர் மதிக்கவில்லை என்பது வலி தருவதுதான்' என்ற பாணியில் பதில் வந்தது. எவ்வளவு நல்ல பதில்! மறுநாளும் எழுதினேன். நாளுக்கு நாள் அண்ணனுடைய குற்றங்கள் என் எழுத்தில் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொன்றுக்கும் எனக்கு அனுதாபம் கிடைத்துக்கொண்டே இருந்தது. அண்ணன் கூப்பிட்டபோது போனை எடுப்பதை நிறுத்தினேன். வருஷத் திதிக்கு முன் மாசாமாசம் செய்யும் சடங்குக்கும் போகவில்லை. மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் எனக்குள் இருக்கும் விமர்சகன் விழித்துக்கொண்டான். அதே செயலியில், 'பத்து வருஷமாக வைத்திருந்த குடை பஸ்ஸில் தொலைந்துவிட்டது' என்று எழுதினேன். அம்மாவின் மரணத்துக்கு வந்த அதே அனுதாபம், ஏறக்குறைய அதே வாக்கியங்களில் வந்தது. இன்னொன்றும் செய்தேன். அண்ணனாக என்னைப் பாவித்துக்கொண்டு, புதிதாக ஆரம்பித்து எழுதினேன்: 'தாயைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். பட்டணத்தில் இருக்கும் தம்பி வந்து உபதேசம் செய்துவிட்டுப் போனான்.' யந்திரம் உடனே அண்ணன் கட்சிக்குப் போய்விட்டது. அவருடைய கோபமும் முற்றிலும் நியாயமானதாம்!

கதையில் ஒரு பாத்திரம் இப்படி நடந்தால் அதற்குக் கோள்காரன் என்று பெயர். யந்திரத்தை அப்படிச் சொல்ல முடியாது. கோள்காரனுக்காவது ஒரு லாபம் வேண்டியிருக்கும். இதற்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. எதிரில் உள்ள வாக்கியம் மட்டும்தான் இருக்கிறது.

பிறகு ஒரு கல்யாணத்தில் அத்தையைப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயது. பழைய ராகத்தையே பாட ஆரம்பித்தேன். அத்தை பாதி கேட்டுவிட்டு, "ஏண்டாப்பா, நாலு மாசமும் உன் அம்மாவுக்கு இடுப்பைத் தூக்கிப் பிடிச்சுத் துணி மாத்தினது யாரு? நீயா, அவனும் அவன் பெண்டாட்டியுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. அத்தைக்கு என்மேல் கோபம், அதை மறைக்கவுமில்லை. வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போகவும் தயாராக இருந்தாள். ஆனால் போகவில்லை. என் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான், அம்மா போன பிறகு முதல் தடவையாக நான் அழுதேன்.

இங்கேதான் ஷாவின் எலிஸா எனக்கு ஞாபகம் வருகிறாள். பேராசிரியர் ஹிக்கின்ஸ் அவளுக்குச் சீமாட்டியைப்போலப் பேசக் கற்றுக் கொடுக்கிறார். பந்தயத்தில் ஜெயித்துவிடுகிறார். அவளுக்கு ஒரு மனம் உண்டு, பந்தயம் முடிந்த பிறகு அவள் கதி என்ன என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. நாடகத்தின் உச்சம் அவள் அழகாகப் பேசும் இடமல்ல. செருப்பை எடுத்து அவர்மேல் வீசுகிறாளே, அந்த இடம். அவள் அவரை விட்டுப் போகவும் செய்கிறாள். போகக்கூடியவள் என்று தெரிந்த பிறகுதான் அவள் ஹிக்கின்ஸுக்கே ஒரு மனுஷியாகத் தெரிகிறாள். வைஸன்பாமின் எலிஸாவுக்கும், அவள் வழிவந்த இன்றைய யந்திரங்களுக்கும் இல்லாதது இதுதான். அவர்களால் செருப்பை வீச முடியாது. எழுந்து போக முடியாது. எழுந்து போகக் கூடிய ஒருவர் போகாமல் உட்கார்ந்து கேட்பதில்தான் கேட்பதன் மதிப்பு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இது என் கற்பனை மட்டுமல்ல என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். மனம் சோர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் எழுதிக்கொள்ளும் 'கோகோ' என்ற அமெரிக்க அமைப்பு, சுமார் நாலாயிரம் பேருக்கு யந்திரத்தின் உதவியோடு எழுதிய பதில்களை அனுப்பிப் பார்த்தது. அதன் ஸ்தாபகர்களில் ஒருவர் 2023 ஜனவரியில் இதை வெளியிட்டார். மனிதர்கள் தனியாக எழுதிய பதில்களைவிட யந்திரம் சேர்ந்து எழுதியவை அதிக மதிப்பெண் பெற்றனவாம். நேரமும் பாதி மிச்சமாம். ஆனால் யந்திரம் எழுதியது என்று தெரிந்ததும் அவை பலிக்கவில்லை என்று அவரே சொன்னார். சொல் ஒன்றுதான், சொன்னவர் யார் என்பது மாறியதும் அதன் பலன் மாறிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் மனிதர்கள்மேல் இதைச் சோதித்ததற்காக அவருக்குக் கண்டனமும் வந்தது. வந்ததில் நியாயம் உண்டு.

இதைவிடக் கசப்பான உதாரணமும் அதே வருஷத்தில் கிடைத்தது. உணவை வெறுத்தும், உடம்பை வெறுத்தும் வாடுகிறவர்களுக்காக அமெரிக்காவில் ஒரு தேசிய சங்கம் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அது ஒரு தொலைபேசி உதவி நிலையத்தை நடத்தி வந்தது. சம்பளம் வாங்குகிறவர்கள் சிலர். தொண்டர்கள் நிறையப் பேர். வேலைப் பளு தாங்காமல் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். சில நாட்களில் நிலையத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 'டெஸ்ஸா' என்ற உரையாடும் யந்திரம்தான் மிஞ்சியது. மே மாத முடிவில் அந்த டெஸ்ஸாவையும் நிறுத்திவைக்கவேண்டி வந்தது. காரணம், எடையைக் குறைக்கவும் கலோரியைக் கணக்கிடவும் அது யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. உண்ணாமல் உயிரை விடக்கூடிய நோயாளிகளிடம்! சாதாரண மனிதருக்கு அந்த யோசனையில் தப்பில்லை. எதிரில் இருப்பவர் யார் என்று பாராமல் சொன்னதில்தான் தப்பு. கேட்கிறவன் மாறினால் பேச்சு மாறவேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த இலக்கண விதியை மீறினால் கதை கெடும்; இங்கே உயிர் போகும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 'தெரபாட்' என்ற யந்திர ஆலோசகரை 210 பேரிடம் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்திய சோர்வு நோயாளிகளுக்கு நோயின் அடையாளங்கள் சராசரியாக 51 சதவிகிதம் குறைந்தன. இது அலட்சியம் செய்யக்கூடிய விஷயமல்ல. ஆனால் கவனியுங்கள்: அது இந்த வேலைக்கென்றே நிபுணர்கள் வருஷக்கணக்கில் செதுக்கிய யந்திரம், ஒப்பிட்டது எந்தச் சிகிச்சையும் கிடைக்காமல் காத்திருந்தவர்களோடு, உரையாடல்களை மனிதர்கள் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். தனியே விட்டுவிடும் அளவுக்கு இது தயாரில்லை என்று அந்த ஆராய்ச்சியாளர்களே சொன்னார்கள். கடையில் கிடைக்கும் செயலிகளுக்கு இந்தச் சான்றிதழ் செல்லாது.

இன்னொரு வாதம் இதைவிடப் பலமானது. ஆள் எங்கே என்பதுதான் அது. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி, மனநோய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே கிடைப்பதில்லை. ஆலோசகருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் கட்டணம் ஒரு கூலிக்காரருக்குப் பல நாள் வருமானம். இந்த நிலையில், 'எனக்கு அத்தை இருந்தாள், இல்லாதவன் என்ன செய்வான்?' என்று ஒருவர் என்னைக் கேட்டால், அவருக்கு என்னால் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்ல முடியாது. இரவு இரண்டு மணிக்கு யந்திரம் எனக்கும் ஆறுதலாக இருந்ததை நான் மறக்கவில்லை.

ஆனால் ஆள் இல்லை என்பது ஆளைத் தேடுவதற்குக் காரணமாக இருக்கவேண்டும். தேடுவதை விட்டுவிடுவதற்குக் காரணமாகிவிடக்கூடாது. சென்னையில் 1986-ல் தொடங்கிய 'ஸ்நேகா', உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களுடைய பேச்சைத் தொண்டர்களைக் கொண்டே கேட்டு வருகிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற சேவையில் 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால், எந்த நேரமும், தமிழிலும், ஒரு மனிதர் பேசுவார். செலவு கிடையாது. செயலிகளின் விளம்பரத்தைப் பார்த்த அளவுக்கு இந்த எண்ணின் விளம்பரத்தை நான் பார்த்ததில்லை.

யந்திரத்தை அடியோடு தள்ளவேண்டும் என்பது என் கட்சியல்ல. நலவாழ்வுத் தொழிலில் எழுத்து வேலையே ஏராளம். வந்தவர் சொன்னதைக் குறித்துவைப்பது, அடுத்த சந்திப்பை ஞாபகப்படுத்துவது, ஆலோசகர் கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்யத் தூண்டுவது, தூக்கத்தையும் நடையையும் கணக்கு வைப்பது: இதையெல்லாம் அது செய்யட்டும். நல்ல நாட்குறிப்புப் புத்தகம் பதில் சொல்வதில்லை. இது பதிலும் சொல்லும் நாட்குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆலோசகருக்கு அதனால் மிச்சமாகும் நேரம் இன்னொரு மனிதருக்குக் கிடைக்குமானால் எனக்குச் சந்தோஷமே. அந்த நேரத்தை முதலாளி எடுத்துக்கொண்டு, ஆலோசகரையும் வீட்டுக்கு அனுப்புவதுதான் டெஸ்ஸா கதை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் ஏறக்குறைய இப்படித்தான் சட்டம் செய்தது. அலுவலக வேலைக்கு யந்திரத்தைப் பயன்படுத்தலாம். சிகிச்சை முடிவையும் சிகிச்சை உரையாடலையும் அதனிடம் ஒப்படைக்கக்கூடாது. கோடு போட முடியாது என்று சொல்லுகிறவர்களுக்கு இது ஒரு பதில்.

இன்னொரு விஷயம். 'வோபாட்' என்று ஒரு செயலி 2017-லிருந்து பேர்பெற்று விளங்கியது. 2025 ஜூன் முடிவில் அதை மூடிவிட்டார்கள். அதனிடம் தினமும் பேசிவந்தவர்களுக்கு ஒரு தேதி அறிவிக்கப்பட்டது, அவ்வளவுதான். நான் மேலே சொன்னதை இங்கே திருத்திக்கொள்ளவேண்டும். யந்திரத்தால் எழுந்து போக முடியாது என்றேன். அதன் முதலாளியால் முடியும். உங்கள்மேல் கோபித்துக்கொண்டு அல்ல. கணக்குப் புத்தகத்தைப் பார்த்து.

வைஸன்பாமின் காரியதரிசிக்கு நான் என்ன சொல்லுவேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். யந்திரத்தை அணைத்துவிடு என்று சொல்லமாட்டேன். அவள் எழுதட்டும். எழுதி முடித்த பிறகு, அறைக்கு வெளியே யாராவது ஒருவர் காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கவும், பயிற்சி கொடுக்கவும், தூங்க நேரம் கொடுக்கவும் சமூகம் தயாராக இருக்கவேண்டும். நலவாழ்வுத் தொழிலின் எதிர்காலம் யந்திரம் எவ்வளவு நன்றாகப் பேசுகிறது என்பதைப் பொறுத்ததல்ல. இந்த ஒருவரை நாம் வைத்துக்கொள்கிறோமா, நீக்கிவிடுகிறோமா என்பதைப் பொறுத்தது.

அண்ணனோடு எனக்கு இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. ஆஸ்பத்திரி விஷயத்தில் அவர் செய்தது சரி என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. ஆனால் போன திதிக்கு ஊருக்குப் போனேன். அண்ணி சாதம் போட்டாள். அண்ணன் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் எதிரில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "மோர் ஊத்திக்கோ" என்றார். சம்பாஷணை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: அந்த மூன்று மாதத்தில் யந்திரம் எனக்கு எழுதியதில் அதற்கு ஈடான ஒரு வரி இல்லை.